அண்ணியின் வலது தோள்

என் அண்ணியின் வலது தோளை எட்டு மாதத்தில் பன்னிரண்டு பேர் பாடப் புத்தகம்போலப் புரட்டிப் படித்தார்கள். ஏழு டாக்டர்கள், நாலு பிசியோதெரபிஸ்டுகள், ஒரு மூத்த நர்ஸ். நானும் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஓசியில் படித்தேன். அந்தத் தோள் கடைசியில் என்னையும் ஒரு கேள்வி கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதும் இடத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கி வருகிறது, வராத தண்ணீருக்கு ரசீது மட்டும் ஒழுங்காக வருகிறது. கத்திக்கொண்டே வருகிறவர்களைப் பார்த்து அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்: "சொல்லுங்க." அவ்வளவுதான். வந்தவர் பாதி கோபத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடுவார். மேசையின் இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அந்தப் பக்கம் இருக்கிறவர் கையில் வைத்திருக்கும் தாளைத் தலைகீழாகவே படிக்கும் வித்தையும் அங்கே பழகியதுதான். கண்ணாடி போடாமல் படிப்பார்.

வீட்டில் கதை வேறு. என் அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நல்ல மனிதர்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் "என்ன?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பார். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வெவ்வேறு ஊரில். நான் மாடியில் தனியாக இருக்கிறேன், அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். எனக்கு வாய் அதிகம், காது குறைவு. இதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் வலது தோளில் வலி வந்தது. விழவில்லை, இடிக்கவில்லை, எதையும் தூக்கவில்லை. முதலில் வலி, பிறகு கை மேலே போக மறுத்தது, பிறகு பின்னாலும் போகவில்லை. ரவிக்கையின் முதுகுக் கொக்கியை மாட்ட முடியவில்லை, தலை வார முடியவில்லை. காலையில் நான் கீழே இறங்கிப் போய்க் கொக்கி மாட்டி, முடியைப் பின்னிவிட்டு, ஓட்டமும் நடையுமாக அச்சகத்துக்குப் போவேன். நாத்தனார் கையில் தலைமுடியைக் கொடுப்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் அண்ணியின் நிலைமையைப் புரிந்துகொள்வார்கள்.

ஒரு டாக்டர் வயது என்றார். இன்னொருவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்றார். மூன்றாமவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்காமலே, தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை என்றார். அண்ணன் தன் பங்குக்கு, "என் லிஃப்ட் நின்னா ஒரே நாள்ல மேல ஏத்திடுவேன். உன் கை என்ன இப்படி நடு மாடியிலயே நின்னுட்டிருக்கு?" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கடைசியில் தெருமுனைக் கிளினிக்கில் இருந்த பெண் டாக்டர்தான், "பெரிய ஆஸ்பத்திரில சனிக்கிழமை ஒரு பயிற்சி நடக்குது. எங்கள மாதிரி சின்ன கிளினிக்ல இருக்கறவங்களுக்கு எலும்பு, மூட்டு, தசை நோய் பத்திச் சொல்லித்தர்றாங்க. நிஜ நோயாளிங்க வேணுமாம். போறீங்களா?" என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியாதவரை எப்படித் தனியாக அனுப்புவது? போனேன்.

மூன்றாம் மாடியில் நீளமான அறை. ஆறு கட்டில், ஒரு எலும்புக்கூடு, சுவரில் பெரிய கடிகாரம். பயிற்சி நடத்தியவர் ஒல்லியான அம்மாள். கோணம் அளக்கும் ஸ்கேல் ஒன்று எப்போதும் அவர் கோட்டுப் பையில் நீட்டிக்கொண்டிருக்கும். நானும் அண்ணியும் அவருக்கு ஸ்கேல் அம்மா என்று பெயர் வைத்தோம். அந்த முதல் நாள் அவர் பன்னிரண்டு பேரிடமும் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"முதல் ரெண்டு நிமிஷம் நீங்க வாயத் திறக்கக் கூடாது. 'சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் கேட்டுக்கிட்டே இருக்கணும். நான் கடிகாரத்தைப் பாத்துட்டிருப்பேன்."

ஒரு டாக்டர் அண்ணி முன்னால் உட்கார்ந்தார். "சொல்லுங்க அம்மா" என்றார். அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவர் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார்! அவரிடம் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அரை நிமிடம் பேசினார். பிறகு அழுதார். டாக்டர் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்கேல் அம்மா கடிகாரத்தைக் காட்டினார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி ஒன்றரை நிமிடத்தையும் பேசி முடித்தார்.

அன்று மதியமே விடை கிடைத்துவிட்டது. ஸ்கேல் அம்மா அண்ணியின் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். பத்து டிகிரியில் நின்றது. "தசைநார் கிழிஞ்சிருந்தா இவங்களாலதான் தூக்க முடியாது, நாம தூக்கினா போகும். இது நாம திருப்பினாலும் போகல. மூட்டச் சுத்தியிருக்கற உறை இறுகிப்போச்சு. உறைஞ்ச தோள். கத்தி வேண்டாம். பயிற்சியும் பொறுமையும் போதும், தானா இளகும்." கோப்பில் பத்து டிகிரி என்று எழுதினார்கள். எனக்கோ ஒரே ஆச்சரியம். மூன்று பேர் முட்டி மோதிய பூட்டு, சாவி இவ்வளவு சின்னதா?

அதிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கும். முழங்கால் வலி என்று வந்தவருக்கு இடுப்பில் நோய் என்பார்கள், எப்படி? காலை எழுந்ததும் அரை மணி நேரம் விரல் மடங்காவிட்டால் ஒரு அர்த்தம், அஞ்சு நிமிடத்தில் மடங்கினால் இன்னொரு அர்த்தம். முதுகு வலிக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, ஒண்ணுக்குப் போவது ஒழுங்காக இருக்கிறதா என்பது. கேட்கக் கூசிக்கொண்டு விட்டுவிட்டால் ஆபத்தாம். வீட்டுக்கு வந்து அண்ணனைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்ப்பேன். "விடு, நான் இன்னும் சாகல" என்பார்.

பன்னிரண்டு பேரில் ஒரு டாக்டர் மட்டும் தனி ரகம். மூன்று மணி நேரம் மோட்டார் சைக்கிள் ஓட்டி வருவார். எதையும் மெதுவாகத்தான் செய்வார். மற்றவர்கள் அவருக்கு நத்தை என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவருக்கும் தெரியும், சிரித்துக்கொள்வார். போன தடவை இதே பயிற்சியில் கடைசிப் பரீட்சையில் நேரம் போதாமல் தோற்றுப்போனவர். இரண்டு தடவைதான் எழுதலாம். இதிலும் தோற்றால் அவர் கிளினிக் பழையபடி, தோள் வலி, முழங்கால் வலி என்று வருகிறவர்களையெல்லாம் மூன்று மணி நேரப் பயணத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு நாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "எங்க பக்கம் ஒரு கொத்தனாரு. முதுகு வலியோட பஸ்ல இங்க வந்து, நாலு மணி நேரம் உக்காந்து, ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பிட்டாங்க. அதை நானே பாத்துச் சொல்லியிருக்கலாம்ல?"

மாதங்கள் போயின. பாடம் முழங்காலுக்கும் முதுகுக்கும் நகர்ந்தது. அண்ணியை இன்னும் கூப்பிட்டார்கள், அந்த இரண்டு நிமிடம் கேட்கிற பழக்கத்துக்காக. தோளைப் பேருக்கு ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார்கள், பத்து டிகிரியில் நிற்கும், சரி என்பார்கள். ஸ்கேல் வெளியே வரவில்லை. தெரிந்த தோள்தானே.

கடைசிப் பரீட்சைக்கு அண்ணி வர வேண்டியதில்லை. முழங்கால்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் மகளைப் பார்க்க வெளியூர் போய்விட்டார். வியாழக்கிழமை ஸ்கேல் அம்மா போன் செய்தார். "அவசரத்துக்கு நீங்கதான் அம்மா. இதோட பயிற்சி முடியுது." அண்ணி உடனே சரி என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே போனேன். கதவு திறந்திருந்தது. அண்ணி ஸ்டூல் மேல் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஜன்னல் திரையை மாட்டிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்களே, இதில் கைதான் களவே.

"எத்தனை நாளா?" என்றேன்.

அவர் இறங்கவில்லை. வளையத்தை மாட்டி முடித்தார். "ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா நான் தினம் இறங்கி வந்து பின்னிட்டிருக்கேன்! தினம் லேட்டா போய்த் திட்டு வாங்கறேன்!"

"நாளைக்கு ஒரு நாள்தான். அதோட முடிஞ்சிடும். யாருகிட்டயும் சொல்லாத."

"ஏன் அண்ணி? கை சரியானா சந்தோஷப்படணும். ஒளிச்சு வைப்பாங்களா?"

நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உங்க தோள், உங்க பொய். நாளைக்குத் தலைய நீங்களே வாரிக்கங்க" என்று கத்திவிட்டுப் படியேறினேன். அண்ணனைக் குறை சொல்கிற வாய்தான் இது. கேள்வி கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகிற பழக்கம் எங்கள் குடும்பத்துக்கே உண்டு.

சனிக்கிழமை அண்ணி தானே போட்ட கொண்டையோடு வந்தார்.

பரீட்சை அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர், முன்னால் ஒரு தாள். அதில் சரியான விடை முதல் மாதக் கோப்பிலிருந்து எழுதப்பட்டிருந்தது. உறைந்த தோள், பத்து டிகிரி. அண்ணிக்கு ஒரே விதி: கேட்டதற்கு மட்டும் பதில், குறிப்பு கொடுக்கக் கூடாது. எனக்கும் ஒரே விதி: வாயைத் திறக்கக் கூடாது. கொக்கி மாட்டிவிடத்தான் நான் அங்கே இருந்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அண்ணியைப் பார்த்ததும் எல்லோர் முகத்திலும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஒரு நிம்மதி. கேள்விகளை ஒப்புவித்தார்கள், முழங்கையை ஒட்டி வைத்துத் திருப்பினார்கள். அண்ணி பத்து டிகிரியில் இறுக்கிக்கொண்டு "ஆ" என்றார். உறைந்த தோள் என்றார்கள். தேர்வாளர் டிக் அடித்தார். எனக்கு இது புதிதில்லை. நாலு தடவை படித்த பக்கத்தில் பிழை இருந்தாலும் கண் அதைப் படிக்காது, ஏற்கெனவே தெரிந்ததைப் படித்துவிட்டுத் தாண்டிவிடும். என் தொழிலில் பெரிய தப்புகள் எல்லாம் அப்படித்தான் அச்சேறுகின்றன. பதினொரு பேர் தாண்டிப் போனார்கள்.

பன்னிரண்டாவதாக நத்தை டாக்டர் வந்தார்.

"உங்கள இன்னிக்குத்தான் முதல் தடவை பாக்கறேன்னு வச்சுக்கறேன் அம்மா. சொல்லுங்க."

அண்ணி மனப்பாடமாகச் சொன்னார். அவர் இரண்டு நிமிடமும் கேட்டார். "தலை யார் வாரி விடறாங்க?"

"என் நாத்தனார்."

அவர் கொண்டையைப் பார்த்தார். உச்சிக்குப் பின்னால் இறுக்கமாக, நேர்த்தியாக, நாலு ஊசி குத்தியிருந்தது. "இன்னிக்கும் அவங்களா?"

"...ஆமா."

அவர் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணியைப் படுக்கச் சொன்னார். ஒரு கையால் தோள்பட்டையைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் திருப்பினார். பத்து டிகிரியில் நின்றது. மற்றவர்கள் அங்கே விட்டுவிட்டார்கள். அவர் விடவுமில்லை, தள்ளவுமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, கட்டை விரலை மார்புத் தசை மேல் வைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"எங்க வேலை பாத்தீங்க?"

"குடிநீர் ஆபீஸ்ல. புகார் எழுதற இடம்."

"ஒரு நாளைக்கு எத்தனை புகார் வரும்?"

"சாதாரண நாள்ல நாப்பது. குழாய் உடைஞ்சா கேக்காதீங்க! ஒரு தடவை ஒருத்தர் வாளியத் தூக்கிட்டே வந்துட்டார். உள்ள பாசி. 'இதை நீ குடி'ன்னார். நான் 'சொல்லுங்க'ன்னேன்..."

அண்ணியின் முகம் மலர்ந்தது. அவர் பேசப் பேசக் கை திரும்பியது. இருபது, நாற்பது, அறுபது. அண்ணிக்குத் தெரியவே இல்லை. தேர்வாளர் தாளில் குனிந்திருந்தார், பார்த்தது நான் மட்டும்தான். வாளிக்காரர் கடைசியில் மன்னிப்புக் கேட்ட இடம் வந்ததும் டாக்டர் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்தார். அண்ணி அப்போதுதான் தன் கையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

கண்டுபிடித்ததை நோயாளிக்குப் புரியும்படி சொல்வதும் பரீட்சையில் ஒரு பகுதி. டாக்டர் அண்ணியை எழுந்து உட்கார வைத்து, நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"உங்க தோள் உறைஞ்சிருந்தது நிஜம். இப்ப இளகிடுச்சு. மூட்டு பிடிக்கல அம்மா, நீங்கதான் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க. இது நல்ல சேதி. ஆனா உங்களுக்குச் சந்தோஷம் இல்ல. ஏன்னு கேக்க எனக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "டாக்டர், உங்க முடிவு? உறைந்த தோள் இல்லைங்கறீங்களா? நேரம் இருக்கு, நல்லா யோசிங்க. இது உங்க ரெண்டாவது தடவை."

டாக்டரின் நெற்றி வேர்த்திருந்தது. "மத்தவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியும் சார். முதல் மாசம் நானும் அதைத்தான் சொன்னேன். இன்னிக்கு இந்தக் கை வேற சொல்லுது. இல்லைங்கறதுதான் என் முடிவு."

தேர்வாளர் எழுதினார். அவர் மேசைக்கு அந்தப் பக்கம், அண்ணி இந்தப் பக்கம். எழுதியது எனக்குத் தெரியவில்லை. அண்ணிக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தேர்ச்சி இல்லை.

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் என்பது விதி. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வலது கையைத் தூக்கினார். காதோடு ஒட்டி, உள்ளங்கை கூரையைப் பார்க்க, நேராக. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னதுதான் சரி சார். பொய் சொன்னது நான். அடிச்சு எழுதுங்க."

சத்தம் கேட்டு ஸ்கேல் அம்மா உள்ளே வந்தார். தூக்கிய கையைப் பார்த்து அப்படியே நின்றார். "ஏம்மா இப்படி?" என்று கேட்டார்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார். "இவர் கேட்டார், இவருக்குச் சொல்றேன். தோள் சரியாயிட்டா என்னை இங்க கூப்பிட மாட்டீங்க. இருபத்தாறு வருஷம் ஊர் புகாரெல்லாம் எழுதினேன். என் புகார எழுதிக்கிட்டது இந்த ரூம்ல மட்டும்தான்."

அப்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன். ஒரு வருடம் தினமும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அச்சகத்துக் கதை, பஸ் கதை, மேனேஜர் கதை எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் கூட, ஒரே ஒரு நாள் கூட, நான் "சொல்லுங்க" என்றதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கேல் வெளியே வந்தது. அறுபத்தைந்து டிகிரி. "தப்பு என்னோடது. முதல் மாசத்துக்கு அப்புறம் நான் அளக்கவே இல்ல" என்றார் ஸ்கேல் அம்மா. தேர்வாளர் தாளில் அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். நத்தை டாக்டர் தேறினார். மற்றப் பதினொரு பேருக்கும் அடுத்த வாரம் வேறொரு நோயாளியை வைத்து மறுபடியும் பரீட்சை. படியில் இறங்கும்போது அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க வேண்டியதில்லை. நத்தை டாக்டர் மட்டும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். அண்ணியிடம் என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல், கையைக் குலுக்கிவிட்டுப் போனார். வலது கையை.

திரும்பி வரும் பஸ்ஸில் இடமில்லை. அண்ணி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அறையிலிருந்து பிறகு அழைப்பு வரவில்லை. அடுத்த குழுவுக்கு வேறு தோள் கிடைத்திருக்கும்.

மறுநாள் காலை நான் கீழே போனேன். அண்ணி கண்ணாடி முன்னால் சீப்போடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "எனக்கே வரும், நீ கிளம்பு" என்றார். நான் சீப்பை வாங்கிக்கொண்டேன். பின்னால் நின்று முடியை மூன்றாகப் பிரித்தேன். சொல்ல ஆயிரம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னேன்.

"சொல்லுங்க அண்ணி."

அவர் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

"முடிய இவ்வளவு இறுக்கிப் பின்னாத" என்றார் கடைசியில். "ஒரு வருஷமா தலை வலிக்குது."

நான் பின்னலை அவிழ்த்தேன்.